முதல் வெளிநாட்டுப் பயணம்: சோப்பு, எண்ணெய், பேஸ்ட்டை எப்படி எடுத்து வைப்பது?

வெளிநாட்டுப் பயணம் என்றால் விசாவையும் டிக்கெட்டையும் ஒரு மாதமாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். சோப்பு, சீப்பு, எண்ணெய் வகையறா மட்டும் கிளம்புகிற ராத்திரி, கையில் அகப்பட்ட கவரில் போய் விழும். மறுநாள் விமான நிலையச் சோதனையில் அதில் பாதி குப்பைத் தொட்டிக்குப் போகும். மீதி, பெட்டிக்குள் நல்ல சட்டையாகப் பார்த்துக் கசிந்திருக்கும். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டையும் தவிர்க்கலாம். சென்னையில் ஏறி, வளைகுடா நாடு ஒன்றில் விமானம் மாறி, சுவிட்சர்லாந்து போகிற பத்து நாள் சுற்றுலாவை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். வேறு ஊர் போகிறவர்களுக்கும் முக்கால்வாசி இதேதான்.

படி 1: எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்புங்கள்

குளியலறை அலமாரியில் இருப்பதை அப்படியே எடுத்து வராதீர்கள். காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை உண்மையிலேயே எதையெல்லாம் தொடுகிறீர்களோ அதை மட்டும் எடுங்கள். ஊரில் என்றைக்கும் போடாத ஃபேஸ் பேக்கை ஜூரிக் போய்ப் போடப் போவதில்லை.

இப்போது மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது, விமானத்தில் கையோடு வரவேண்டியது. இரண்டாவது, விமான நிலையத்தில் ஒப்படைத்துவிடுகிற செக்-இன் பெட்டிக்குள் போகவேண்டியது. மூன்றாவது, அங்கே போய் வாங்கிக்கொள்ளக் கூடியது. சோப்பு, ஷாம்பு, பேஸ்ட் எல்லாம் எந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். சுவிட்சர்லாந்தில் மிக்ரோஸ், கோப் என்று தெருவுக்குத் தெரு கடை உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினால் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், பெரிய ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற சில இடங்களில் இருப்பவைதான் திறந்திருக்கும். அதனால் முதல் இரண்டு நாளுக்கு வேண்டியது எப்போதும் உங்களிடமே இருக்கட்டும்.

ஹோட்டலில் எல்லாம் தருவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். ஜப்பானில் பெரும்பாலும் டூத்பிரஷ் முதல் சீப்புவரை தருவார்கள். ஐரோப்பாவில் பல ஹோட்டல்களில் பிரஷ் கிடையாது. தென்கொரியாவில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் உள்ள ஹோட்டல்கள் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிரஷ், ஷாம்பு போன்றவற்றை இலவசமாகத் தரக்கூடாது என்று 2024 மார்ச்சில் சட்டமே வந்துவிட்டது.

படி 2: கைப்பைக்கு 100 மில்லி கணக்கு

2006 ஆகஸ்டில், குளிர்பான பாட்டிலில் திரவ வெடிபொருளை நிரப்பி விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று லண்டனில் பிடிபட்டது. அதன் பிறகு வந்த கட்டுப்பாடுதான் இது. கையோடு எடுத்துப்போகும் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லி அல்லது அதற்குக் குறைவான குப்பியில் இருக்கவேண்டும். எல்லாக் குப்பிகளும் சேர்ந்து, 1 லிட்டர் கொள்ளும், திறந்து மூடக்கூடிய ஒரே ஒரு ஒளிபுகும் பைக்குள் அடங்கவேண்டும். ஏறக்குறைய 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் உள்ள ஜிப்லாக் கவர் சரியாக இருக்கும்.

புதிதாகப் போகிறவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அதிகாரி பார்ப்பது குப்பியின் கொள்ளளவை, உள்ளே மிச்சம் இருப்பதை அல்ல. 200 மில்லி பாட்டிலின் அடியில் ஒரு ஸ்பூன் ஷாம்பு கிடந்தாலும் அது 200 மில்லி பாட்டில்தான். பாதி பிதுக்கிய பெரிய பேஸ்ட் ட்யூபுக்கும் இதே கதிதான்.

பேஸ்ட், ஜெல், கிரீம், லோஷன், எண்ணெய், ரோல்-ஆன், லிப் கிளாஸ் எல்லாம் திரவக் கணக்கில் வரும். சோப்புக் கட்டி, பல்பொடி, ஷாம்பு கட்டி வராது. கட்டியாக எடுக்க முடிந்ததைக் கட்டியாகவே எடுத்தால் பைக்குள் இடம் மிஞ்சும். 100 மில்லி குப்பி பத்து போனால் 1 லிட்டர் என்று கணக்குப் போட்டு அடைக்காதீர்கள். பை மூடவே மூடாது. ஐந்தாறு சின்னக் குப்பியோடு நிறுத்துங்கள்.

ஷாம்புக்குக் குப்பியே தேவையில்லை. பெட்டிக்கடையில் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டைவிடச் சிறந்த பயணச் சாமான் எந்த வெளிநாட்டுக் கடையிலும் கிடையாது. ஷாம்பைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாக விற்கும் யோசனைக்கு வழிபோட்டவர் நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். ஒரு தலைக்குளியலுக்கு ஒரு பாக்கெட், பயணம் முடிந்தால் கை வீசிக்கொண்டு திரும்பலாம்.

சில விமான நிலையங்களில் புதுவகை ஸ்கேனர் வந்து, இந்த 100 மில்லி கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கிறார்கள். அதை நம்பிப் பெரிய பாட்டிலோடு போகவேண்டாம். விமானம் மாறுகிற இடத்திலோ திரும்பி வரும்போதோ பழைய விதி இருந்தால் அங்கே பறிகொடுப்பீர்கள்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துக்கும் குழந்தையின் உணவுக்கும் இந்த அளவிலிருந்து விலக்கு உண்டு. மருந்துச் சீட்டு கையில் இருக்கவேண்டும். கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டிவிடுவது நல்லது.

படி 3: கசியாமல் கட்டுவது

விமானம் மேலே போனதும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் குறையும். சரக்கு வைக்கும் அடித்தளத்திலும் அப்படித்தான். ஊட்டி மலைப்பாதையில் ஏற ஏற சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அதே சமாச்சாரம். குப்பிக்குள் இருக்கும் காற்று விரிந்து, முன்னால் இருக்கிற ஷாம்பை மூடி வழியே வெளியே தள்ளும். ஆகவே கசிவைத் தடுக்க வேண்டுமென்றால் முதலில் காற்றை விரட்டவேண்டும்.

குப்பியை முக்கால் அளவு நிரப்புங்கள். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஷாம்பு கழுத்து விளிம்புக்கு ஏறும்வரை இரண்டு பக்கமும் மெல்ல அமுக்குங்கள். அமுக்கிய கையை எடுக்காமலே மூடியைத் திருகுங்கள். பக்கங்கள் லேசாகக் குழிந்த மாதிரி நிற்கும். அப்படி நின்றால் சரி. மேலே போனதும் அந்தக் குழிவு நிமிரத்தான் காற்றுக்கு இடம் இருக்கும், கசிய அல்ல. இதற்குத்தான் அமுங்குகிற பிளாஸ்டிக் குப்பி வேண்டும். கெட்டியான கண்ணாடிக் குப்பியில் இந்த வேலை நடக்காது.

செக்-இன் பெட்டிக்குள் போகிற பெரிய பாட்டிலுக்கு இன்னொரு காப்பு. மூடியைக் கழற்றி, வாய்மேல் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை இரண்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் மூடியை இறுக்குங்கள். திருகு மூடி என்றால் இதுவே போதும். தட்டினால் திறக்கிற மூடிக்கு மேலே ஒரு சுற்று செலோடேப் அவசியம். அமுக்கினால் பீய்ச்சுகிற பம்ப் பாட்டிலை எடுக்கவே எடுக்காதீர்கள், பெட்டிக்குள் எது அதன் தலையில் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்? கடைசியாக, பாட்டிலுக்கு ஒன்றாகத் தனித்தனி ஜிப்லாக் கவர். எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டால், ஒன்று கசிந்து மற்ற எல்லாம் பிசுபிசுக்கும்.

படி 4: தேங்காய் எண்ணெய், சீயக்காய், விபூதி

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் அறைக்குள்ளேயே கட்டியாகிவிடும். குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோனால் காலையில் எண்ணெய் வைக்க பாட்டிலை வெந்நீரில் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். விரல் நுழைகிற அகல வாய் டப்பாவில் எடுங்கள், உறைந்தாலும் வழித்துத் தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் ‘கட்டியாகத்தானே இருக்கிறது’ என்று செக்யூரிட்டியிடம் வாதாட முடியாது. அது திரவக் கணக்கில்தான். பெட்டிக்குள் போடுவதே உத்தமம்.

சீயக்காய்த்தூள், கடலை மாவு, நலங்கு மாவு, விபூதி எல்லாம் திரவம் இல்லை என்று நிம்மதியாக இருக்கவேண்டாம். அமெரிக்கா போகிற விமானத்தில், கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். என்ன பொடி என்று தீர்மானிக்க முடியாவிட்டால் அந்தப் பொடியை விமானத்துக்குள் விடமாட்டார்கள். 2018 முதல் இந்த நடைமுறை. பெட்டியில் போட்டுவிடுங்கள், அதுவும் கடையில் வாங்கிய, பெயர் அச்சிட்ட உறையோடு. அம்மா அரைத்துக் கொடுத்தது உசத்திதான், ஆனால் அதை அதிகாரிக்கு விளக்குவது கஷ்டம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போனால் மூலிகைப் பொடி எதுவானாலும் அந்த நாட்டு வருகைப் படிவத்தில் குறிப்பிடுங்கள். சொல்லிவிட்டால் மிஞ்சிப்போனால் பொடி போகும், மறைத்தால் அபராதம்.

சூடமும் தீப்பெட்டியும் எந்தப் பையிலும் வேண்டவே வேண்டாம்.

படி 5: பிளேடு, ஸ்பிரே, பேட்டரி

பிளேடு, கத்தரிக்கோல், பிளேடு மாட்டும் பழைய ரேசர், நெயில் கட்டர் எல்லாம் பெட்டிக்குள். இவற்றில் சில பல நாடுகளில் கைப்பையில் அனுமதிதான். ஆனால் ஓர் ஊரில் விடுவார்கள், இன்னோர் ஊரில் பிடுங்குவார்கள். எதற்கு வம்பு?

டியோடரண்ட் ஸ்பிரே நம் ஊரில் பெரும்பாலும் 150 மில்லி டப்பா. கைப்பையில் போகாது. பெட்டிக்குள் வைக்கலாம்: ஒரு டப்பா 500 மில்லியைத் தாண்டக்கூடாது, எல்லாம் சேர்ந்து ஆளுக்கு 2 லிட்டருக்குள். தலை அமுங்காமல் மூடி இருக்கவேண்டும்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். டிரிம்மரைப் பெட்டியில் வைத்தால் தானாக ஓடாதபடி பூட்டி வையுங்கள். அதன் சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் எந்த நாட்டிலும் வேலை செய்யும், பிளக் மட்டும் மாறும்.

படி 6: யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி

சுவிட்சர்லாந்து மட்டுமல்ல, ஐரோப்பாவின் பல நாடுகளிலும் கழிவறையில் தண்ணீர் பீய்ச்சுகிற ஹெல்த் ஃபாசெட்டும் இருக்காது, தண்ணீர்க் குவளையும் இருக்காது, காகிதம் மட்டும்தான். முதல்முறை போகிறவர்களுக்கு இது பெரிய சங்கடம். கடையிலும் ஆன்லைனிலும் கையடக்கமான பிடே பாட்டில் கிடைக்கிறது, அமுக்கினால் பீய்ச்சும். இல்லாவிட்டால் மடக்குகிற சிலிக்கான் டம்ளரோ, காலித் தண்ணீர் பாட்டிலோ போதும். தண்ணீர் இல்லாமல் காலியாக இருக்கும்வரை எந்தச் சோதனையும் அதைத் தடுக்காது. அதைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், விமானத்திலேயே தேவைப்படும்.

பெண்கள் பழகிய சானிட்டரி நாப்கினை ஒரு சுழற்சிக்குப் போதுமானதாக எடுப்பது நல்லது. அங்கேயும் கிடைக்கும், ஆனால் அளவும் வகையும் வேறாக இருக்கும். நேர வித்தியாசத்தில் நாள் தள்ளிப்போவதோ முந்துவதோ நடப்பதுதான், அதனால் நாலைந்து கைப்பையிலும்.

படி 7: போகிற நாட்டின் தனி விதி

தாய்லாந்தின் கடல்சார் தேசியப் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் போன்றவை கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2021 முதல் தடை. பவளப்பாறைகளைக் கெடுக்கிறது என்பதால். ஹவாயிலும் அதே ஆண்டு முதல் இவ்விரண்டும் கலந்ததை விற்கக்கூடாது. கடலில் இறங்கும் திட்டம் இருந்தால் ட்யூபின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். துத்தநாக ஆக்சைடு மட்டும் உள்ளதில் இவை இருக்காது.

இருமல் மருந்தில் கோடீன் இருந்தால் ஐக்கிய அரபு அமீரகம், ஜப்பான் இரண்டிலும் சிக்கல். முன்அனுமதி பற்றித் தூதரகத் தளத்தில் பாருங்கள், அல்லது கோடீன் இல்லாத மருந்தாக மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மாத்திரைகளைப் பட்டையிலிருந்து உதிர்த்து டப்பாவில் கொட்டாதீர்கள்.

படி 8: கிளம்புகிற நாளும் திரும்புகிற நாளும்

காலையில் பல் தேய்த்த ஈரப் பிரஷைத் துடைத்து, காற்றோட்டமுள்ள மூடி போட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள். கைப்பைக்கு: பிரஷ், சின்ன பேஸ்ட், சீப்பு, லிப் பாம், சின்ன மாய்ஸ்சரைசர், மாத்திரை. விமானத்துக்குள் காற்று மிகவும் உலர்ந்திருக்கும், உதடும் மூக்கும் வறளும். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் இவற்றை வைத்துச் சமாளிக்கலாம். திரவப் பை கைப்பையின் மேல் அறையில் இருக்கட்டும், சோதனை வரிசையில் எடுத்து ட்ரேயில் வைக்க.

சென்னை டியூட்டி ஃப்ரீயில் சென்ட் வாங்கினால் முத்திரையிட்ட பையில் போட்டு ரசீதோடு தருவார்கள். விமானம் மாறுகிற ஊரில் ஆசைக்குக்கூடப் பிரிக்காதீர்கள். பிரித்தால் அடுத்த சோதனையில் 100 மில்லி விதி பாயும்.

திரும்பி வரும்போது அத்தைக்கும் சித்திக்கும் வாங்கிய 400 மில்லி லோஷன் பாட்டில்கள் பெட்டிக்குள்தான், படி 3-இல் சொன்ன மாதிரி பிளாஸ்டிக் தாளும் டேப்பும் போட்டு. பெட்டி எடை கூடுகிறதா? மிச்சமிருக்கும் சோப்பையும் ஷாம்பையும் ஹோட்டலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.