மலையில் இரண்டு லைன்: பிஜிபி பாலிசி போடும் முறை

பிஜிபி என்பது நெட்வொர்க்குகள் ரூட்டுகளை (எந்த முகவரிக்கு எந்த வழி என்பதை) ஒன்றுக்கொன்று அறிவிக்கும் முறை. குன்னூரிலோ கோத்தகிரியிலோ சொந்த ஏஎஸ் எண்ணும் (நெட்வொர்க்கின் அடையாள எண்) குறைந்தது ஒரு /24-ம் (256 ஐபி முகவரிகள் கொண்ட தொகுதி) வைத்து நெட்வொர்க் நடத்துகிறவர்கள், இரண்டாவது இன்டர்நெட் லைனுக்கு விலை பேசும் முன்பே ஃபைபர் எந்த வழியாக மேலே ஏறுகிறது என்று கேட்டுவிடுங்கள். இரண்டும் பர்லியார் வழியாக வந்தால், ஐப்பசி மழையில் ஒரே மண்சரிவு இரண்டையும் அறுத்துவிடும். ஒன்று குன்னூர் மலைப்பாதை, மற்றது கோத்தகிரி ரோடு என்றாலும் இரண்டும் மேட்டுப்பாளையத்தில்தான் இறங்கும். அங்கே ஒரே கட்டடத்தில் சேர்கிறதா என்றும் பாருங்கள்.

இனி ரூட்டர். லைன் தரும் கம்பெனியோடு பிஜிபி செஷனை (இணைப்பை) எழுப்புவதற்கு முன், வெளியே போகும் அறிவிப்புகளுக்கு ஃபில்டரைப் போடுங்கள். உங்கள் பிரிஃபிக்ஸ் (முகவரித் தொகுதி) மட்டும் வெளியே போகட்டும், மற்ற எல்லாவற்றையும் மறுத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் ஒரு கம்பெனியிடம் கற்ற ரூட்டுகளைப் பல ரூட்டர்கள் அடுத்த கம்பெனிக்கு அறிவித்துவிடும். வாடிக்கையாளர் சொல்லும் ரூட்டைத்தான் கம்பெனிகள் பொதுவாக முதலில் எடுக்கும். அதனால் ஊரார் டிராஃபிக் உங்கள் 200 எம்பி லைனுக்குள் பாய்ந்து, இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். உள்ளே வரும் அறிவிப்புகளில் உங்கள் சொந்த பிரிஃபிக்ஸையும், தனியார் முகவரிகளையும், /24-ஐவிடச் சிறிய துண்டுகளையும் தள்ளுங்கள். மேக்ஸ் பிரிஃபிக்ஸ் வரம்பும் (எத்தனை ரூட் வரை ஏற்கலாம் என்ற உச்சம்) வையுங்கள்.

வெளியே போகும் டிராஃபிக் உங்கள் கையில் இருக்கிறது. பெரிய லைனில் லோக்கல் பிரிஃபரன்ஸ் (எண் பெரிதானால் அந்த வழிக்கே முன்னுரிமை) 200, சிறியதில் வழக்கமான 100. அவ்வளவுதான்.

உள்ளே வரும் டிராஃபிக்தான் பாடு. சிறிய லைனில் உங்கள் ஏஎஸ் எண்ணைக் கூடுதலாக மூன்று முறை சேர்த்து, பாதையை நீளமாகக் காட்டி அறிவித்தாலும், அந்தக் கம்பெனியின் சொந்த வாடிக்கையாளர்கள் அதே லைன் வழியாகத்தான் வருவார்கள். அந்தக் கம்பெனியின் ரூட்டர் பாதையின் நீளத்துக்கு முன் லோக்கல் பிரிஃபரன்ஸைப் பார்க்கும். அதைக் குறைக்கச் சொல்லும் கம்யூனிட்டி எண் (ரூட்டோடு அனுப்பும் குறி) இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால், உங்களிடம் /23 இருந்தால் அதை இரண்டு லைனிலும், அதன் இரண்டு /24-களைப் பெரிய லைனில் மட்டும் அறிவியுங்கள். துண்டு ரூட்டே எப்போதும் ஜெயிக்கும். ஆனால் /23-க்கு மட்டும் ஆர்ஓஏ (எந்த ஏஎஸ் எந்த பிரிஃபிக்ஸை அறிவிக்கலாம் என்ற பதிவு) போட்டிருந்தால் /24-கள் செல்லாதவை ஆகிவிடும், பல நெட்வொர்க்குகள் அவற்றை எறிந்துவிடும். ஐஆர்ஐஎன்என் (இந்தியாவின் ஐபி முகவரிப் பதிவகம்) கணக்கில் அறிவிக்கிற ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆர்ஓஏ போடுங்கள்.

வருவதும் போவதும் வேறு வேறு லைனில் நடக்கலாம் என்பதால், இந்த இரண்டு போர்ட்டுகளிலும் கடுமையான மூல முகவரிச் சோதனையை (அனுப்பியவருக்குப் பதில் அதே போர்ட் வழியாகத்தான் போகுமா என்று பார்ப்பதை) வைக்காதீர்கள். நல்ல பாக்கெட்டையே அது கொன்றுவிடும்.

லைன் அறுந்தது ரூட்டருக்குத் தெரிய வேண்டும். நடுவில் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரைச் செம்புக் கேபிளுக்கு மாற்றும் பெட்டி) இருந்தால், கீழே ஃபைபர் போனாலும் உங்கள் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பிஜிபி ஹோல்டு டைமர் (எதிர்முனைச் செய்தி வராமல் காத்திருக்கும் நேரம்) முடியும்வரை, பல ரூட்டர்களில் 180 விநாடி, டிராஃபிக் இருட்டில் விழும். இருமுனையிலும் பிஎஃப்டி (லைன் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கும் முறை) போடுங்கள்: 300 மில்லிசெகண்ட், மூன்று தவறினால் இறக்கு. லைன் அறுந்தது ஒரு விநாடிக்குள் தெரிந்துவிடும். இன்னும் குறைத்தால் சின்னச் சின்ன தடங்கலுக்கெல்லாம் செஷன் விழுந்து எழும்.

சோதனையை இரவு 2 மணிக்குச் செய்யுங்கள். ஷட்டவுன் கட்டளை எதிர்முனைக்குச் சொல்லிவிட்டே செஷனை மூடும், அதனால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். கன்வர்ட்டரின் வெளிப்பக்க ஃபைபரையே கையால் உருவுங்கள். வெளியூரிலிருந்து உங்கள் முகவரிக்கு பிங் ஓடட்டும், எத்தனை தவறுகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஃபைபரைச் செருகித் திரும்பி வரும்போதும் எண்ணுங்கள்.