பிறர் எண்ணிலிருந்து நம் வழி: சிறு பட்டறைகளில் ஒப்பளவைப் பயன்படுத்தும் முறை

வியாசர்பாடி தொழிற்பேட்டையிலும், திருவொற்றியூர், மணலி பக்கத்துத் தெருக்களிலும் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டி வடிவமைக்கும் இயந்திரம்), லேத், ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறவர்களிடம் "தொழில் எப்படிப் போகிறது?" என்று கேட்டால், பெரும்பாலும் போன வருடத்தை வைத்தே பதில் வரும். போன வருடத்தைவிட ஆர்டர் கூடியிருக்கிறது, ரிஜெக்ஷன் (தரமில்லை என்று தள்ளப்படும் பொருள்) குறைந்திருக்கிறது, கரண்ட் பில் ஏறியிருக்கிறது என்பார்கள். இந்தக் கணக்குத் தேவையானதுதான். ஆனால் நம்மோடு நம்மையே ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் வரை, இதே வேலையைப் பாதி நேரத்தில் முடிக்கும் பட்டறை ஒன்று நான்கு தெரு தள்ளி இருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. அந்த வேறுபாட்டைத் தேடிப்போய் அளந்து, அது ஏன் வந்தது என்று கண்டுபிடித்து, நம் வேலைமுறையை மாற்றிக்கொள்வதைத்தான் பெஞ்ச்மார்க்கிங் என்கிறார்கள். தமிழில் ஒப்பளவு என்று சொல்லலாம். பத்து முதல் நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் எனக்குப் பழக்கமான பிரஸ் வேலையிலிருந்தே தருகிறேன்.

இந்த முறை பெரிய அளவில் பேசப்பட்டது ஜெராக்ஸ் நிறுவனத்தால். 1979இல் அந்நிறுவனம் தன் நகல் இயந்திரங்களை ஜப்பானியப் போட்டியாளர்களின் இயந்திரங்களோடு ஒப்பிட்டது. தனக்கு ஓர் இயந்திரத்தைச் செய்து முடிக்க ஆகும் செலவுக்கே அவர்கள் அதை விற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போது தெரியவந்தது. போன வருடத்தைவிட இந்த வருடம் செலவு சிறிது குறைந்தது என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிய நிறுவனத்துக்கே அந்த எண் கண் திறப்பாக அமைந்தது.

முதலில் நம் அளவு

பிறர் எண்ணைத் தேடிப் புறப்படும் முன், நம்முடைய எண் நம்மிடம் ஒழுங்காக இருக்க வேண்டும். பல பட்டறைகளில் இந்த இடத்திலேயே வேலை நின்றுவிடுகிறது. பிரஸ்ஸில் டை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டால் முதலாளி அரை மணி நேரம் என்பார், டையைப் பொருத்தும் செட்டர் முக்கால் மணி நேரம் என்பார், கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். மூவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதில்தான் வேறுபடுகிறார்கள். பழைய டையில் கடைசி நல்ல பீஸ் வந்த நொடியிலிருந்து புதிய டையில் முதல் நல்ல பீஸ் வரும் நொடி வரை உள்ள நேரமே டை மாற்றும் நேரம். கிரேனுக்குக் காத்திருந்தது, ஸ்பேனரைத் தேடியது, முதல் பீஸைச் சரிபார்க்க இன்ஸ்பெக்டர் வரும் வரை நின்றது எல்லாம் அதற்குள் அடங்கும்.

இதே கவனம் ஒவ்வோர் எண்ணுக்கும் வேண்டும். ஒரு நண்பரின் பட்டறையோடு பல மாதங்களாக ரிஜெக்ஷனை ஒப்பிட்டு, அவர் நம்மைவிட நன்றாகச் செய்கிறார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் ஸ்கிராப்பில் போனதை எடை போட்டுச் சொல்கிறார், நான் பீஸை எண்ணிச் சொல்கிறேன். மேலும், திருத்தி அனுப்பிய பீஸ்களை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை, நான் சேர்த்திருந்தேன். அத்தனை மாத ஒப்பீடும் பயனற்றுப் போயிற்று. ஆகவே ஒரு நோட்டில் முதல் பக்கத்திலேயே ஒவ்வோர் எண்ணுக்கும் விளக்கம் எழுதிவிடுங்கள்: எதை எண்ணுகிறோம், எதை விடுகிறோம், யார் எழுதுகிறார், ஷிஃப்டின் எந்த நேரத்தில் எழுதுகிறார்.

தொடக்கத்தில் நான்கைந்து எண்களுக்கு மேல் வேண்டாம். டை மாற்றும் நேரம், ரிஜெக்ஷன், ஒரு டன் வேலைக்குச் செலவாகும் மின் யூனிட், சொன்ன தேதியில் போய்ச் சேர்ந்த டெலிவரியின் விகிதம், பணம் வர ஆகும் நாட்கள் ஆகியவை போதும். கடைசியாகச் சொன்னதற்கு ஒப்பளவைத் தேடி அலைய வேண்டியதில்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ வேலையோ வாங்கியவர், எழுத்தில் வேறு ஒப்பந்தம் இருந்தாலும், 45 நாட்களுக்கு மேல் பணத்தைத் தாமதிக்கக் கூடாது என்கிறது. உங்கள் சராசரி 90 நாள் என்றால், அந்த 45 நாள் இடைவெளியை வங்கிக் கடனால் நிரப்பி வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அது பிரஸ்ஸில் தேடினாலும் அகப்படாத செலவு.

குறைந்தது நான்கு வாரங்கள் எழுதுங்கள். ஒரு வாரக் கணக்கை நம்ப முடியாது. ஒரு நாள் மழை, ஒரு நாள் மின்தடை, ஒரு கெட்ட காயில் (தகட்டுச் சுருள்) போதும், எண்ணே மாறிவிடும்.

எண்ணை எங்கே தேடுவது

மிக எளிதாகக் கிடைக்கும் ஒப்பளவு நம் கூரைக்குக் கீழேயே இருக்கிறது. ஒரே பிரஸ்ஸில் பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் ஒரே டையை மாற்ற எடுக்கும் நேரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முதல் பாடம் கிடைத்துவிடும், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அடுத்தது வாடிக்கையாளர். எண்ணூர், மணலி, அம்பத்தூர் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகளுக்கு வேலை செய்கிறவர்களுக்கு, தரத்துக்கும் டெலிவரிக்கும் மதிப்பெண் போட்ட சப்ளையர் ரேட்டிங் தாள் வருவது வழக்கம். பலர் அதில் தங்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலில் வைத்துவிடுகிறார்கள். பர்ச்சேஸ் அல்லது குவாலிட்டி அதிகாரியிடம், "பெயர் எதுவும் வேண்டாம், எங்களைப் போன்ற சப்ளையர்களில் முதலிடத்தில் இருப்பவரின் எண் எவ்வளவு?" என்று கேளுங்கள். சப்ளையர் நன்றாக இருந்தால் அவருக்கும் நன்மை என்பதால் இதைச் சொல்ல அவர்கள் தயங்குவது குறைவு.

பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கும். மூலப்பொருள், கூலி, மின்சாரம் ஆகியவை விற்பனையில் எத்தனை சதவீதம் என்பதை அவற்றிலிருந்து கணக்கிடலாம். பதிவுபெற்ற தனியார் கம்பெனிகள் தாக்கல் செய்த கணக்குகளை கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். மத்திய அரசின் ஆண்டுத் தொழில் ஆய்வு, தொழில் வகைவாரியாகத் தொகுத்த எண்களைத் தருகிறது. இவையெல்லாம் செலவின் அமைப்பைக் காட்டுமே தவிர, பட்டறைத் தரையில் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் காட்டா. அதற்குச் சக பட்டறைக்காரர்கள்தான் வேண்டும். நம்பிக்கையான நான்கைந்து பேர் சேர்ந்து, ஒரே விளக்கத்தோடு, மாதம் ஒருமுறை எண்களைப் பகிர்ந்துகொள்வது மிகுந்த பயன் தரும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வரம்பைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும். நேரம், ரிஜெக்ஷன், மின்சாரம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பேசலாம். ஜாப் ஒர்க் விலை, கொட்டேஷன், எந்த வாடிக்கையாளரை யார் எடுப்பது என்பவற்றைப் பேசவே கூடாது. போட்டியாளர்கள் கூடி விலையை முடிவு செய்வதும் சந்தையைப் பங்கு போடுவதும் போட்டிச் சட்டம், 2002இன் 3ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டவை. வாடிக்கையாளர் தந்த டிராயிங்கை இன்னொருவரிடம் காட்டுவதும் நம்பிக்கைத் துரோகம்.

ஒப்பிடத் தக்கதாக ஆக்குதல்

50 டன் அழுத்தும் திறனுள்ள பிரஸ்ஸின் டையையும் 250 டன் பிரஸ்ஸின் டையையும் மாற்றும் நேரத்தை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது முறையாகாது. கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்புத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். மணலியில் உள்ளது போன்ற சுத்திகரிப்பு ஆலைகளின் எரிபொருள் செலவை ஒப்பிடும்போது, ஒரு பேரலுக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்து விட்டுவிடுவதில்லை. ஆலையில் எந்தெந்தப் பிரிவுகள் இயங்குகின்றன, அவை எவ்வளவு ஆற்றல் கேட்பவை என்பதற்கு ஒரு காரணி வைத்து, அதனால் வகுத்தே ஒப்பிடுகிறார்கள். இல்லையென்றால் எளிய ஆலை திறமையானதாகவும், கடினமான வேலை செய்யும் ஆலை வீணானதாகவும் தோன்றிவிடும். நாம் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பிரஸ்ஸின் டன் அளவு, டை எடை, லாட் அளவு (ஒரே தடவையில் ஓட்டும் பீஸ்களின் எண்ணிக்கை) ஆகியவற்றை வைத்து வேலைகளை மூன்று வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையையும் அதே வகையோடு ஒப்பிட்டால் போதும்.

இடைவெளிக்குப் பின்னால் இருக்கும் முறை

இடைவெளியை முதலில் ரூபாயாக மாற்றுங்கள். எடுத்துக்காட்டுக்கு, ஒரு பிரஸ்ஸில் நாளுக்கு மூன்று முறை டை மாற்றுகிறோம், ஒவ்வொரு முறையும் 100 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஷிஃப்டுக்கு உள்ள 960 நிமிடங்களில் 300 நிமிடம் அதிலேயே போகிறது. இன்னொரு பட்டறையில் அதே வகை டைக்கு 40 நிமிடம்தான் என்றால், நமக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் திரும்பக் கிடைக்கும். புதிய பிரஸ்ஸுக்கு வங்கியில் கடன் கேட்கும் முன் இந்த மூன்று மணி நேரத்தைப் பார்க்க வேண்டாமா?

ஆனால் 40 என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டுச் செட்டரை விரட்டினால் ஒன்றும் நடக்காது. நோட்டில் 40 என்று எழுதும் பழக்கம் மட்டுமே வளரும். எண் நமக்குச் சொல்வது எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டும்தான். அந்த 40 நிமிடம் எப்படிச் சாத்தியமாகிறது என்பதை நேரில் போய், அங்கே வேலை செய்கிறவர் அருகில் நின்று பார்க்க வேண்டும். நம் செட்டரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். முதலாளி கண்ணுக்குப் படாத பத்து விஷயங்கள் அவருக்குப் படும்.

1969இல் டொயோட்டாவில் 1000 டன் பிரஸ் ஒன்றுக்கு டை மாற்ற நான்கு மணி நேரம் ஆயிற்று. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் அதே வேலையை இரண்டு மணி நேரத்தில் முடிப்பதை அறிந்த நிர்வாகம், அதைவிடக் குறைக்கச் சொன்னது. பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ வழிகாட்ட, ஆறு மாதத்தில் 90 நிமிடத்துக்கு வந்தார்கள். பிறகு நிர்வாகம் மூன்று நிமிடத்துக்குள் வர வேண்டும் என்றது. மேலும் மூன்று மாதத்தில் அதையும் எட்டினார்கள். இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இரண்டாவது பகுதியைத்தான். ஃபோக்ஸ்வேகனின் எண் அவர்களை 90 நிமிடம் வரை கொண்டுவந்தது. அதற்கு மேல் பின்பற்ற யாரும் இல்லை. மூன்று நிமிடத்துக்கு வேலையையே புதிதாகச் சிந்திக்க வேண்டியிருந்தது. பிரஸ் நின்ற பிறகுதான் செய்ய முடிகிற வேலை எது, பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்து முடிக்கக்கூடிய வேலை எது என்று பிரித்து, முடிந்தவற்றையெல்லாம் இரண்டாவது வகைக்குத் தள்ளியதே அவர்கள் செய்த புதுமை.

இந்தப் பாடத்தைக் கற்க ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் போதும். விசைப்படகு கரைக்கு வந்த பிறகு ஐஸுக்கும் டீசலுக்கும் சொல்லியனுப்பினால் அடுத்த பயணம் தள்ளிப்போகும். ஆகவே மீன் இறங்கி ஏலம் போகும் நேரத்திலேயே அடுத்த பயணத்துக்கான ஐஸ், டீசல், தண்ணீர் ஏற்பாடுகளைக் கவனிக்கிறார்கள். பெரிய பழுதுபார்ப்புகளை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒதுக்குகிறார்கள். பட்டறைக்கு இதைப் பெயர்த்தால்: அடுத்த டை, அடுத்த காயில், கிளாம்ப், போல்ட், சரிபார்க்கும் கேஜ் எல்லாம் ஒரு டிராலியில் பிரஸ் பக்கத்தில் முன்பே நிற்க வேண்டும், எல்லா டைக்கும் ஒரே அளவு போல்ட் இருந்தால் ஒரே ஸ்பேனர் போதும், அடியில் பிளேட் வைத்து டைகளின் உயரத்தைச் சமப்படுத்திவிட்டால் ஒவ்வொரு முறையும் பிரஸ்ஸில் மேலும் கீழும் நகரும் பகுதியான ராமை ஏற்றி இறக்கும் வேலை மிச்சமாகும்.

வேறு தொழிலைப் பார்ப்பதுதான் பெரும்பாலும் புதுமைக்கு வழி விடுகிறது. ஜெராக்ஸும் 1980களின் தொடக்கத்தில் தன் கிடங்கு வேலையைச் சீர்செய்யப் போட்டிக் கம்பெனியிடம் போகவில்லை. தபாலில் ஆர்டர் எடுத்து உடைகளும் வெளிப்புறப் பயணப் பொருட்களும் அனுப்பும் எல்.எல். பீன் நிறுவனத்தின் கிடங்கில், பொருட்களை எடுத்து அடுக்கும் முறையைப் போய்ப் பார்த்தது.

ஒரு பிரஸ்ஸில் சோதனை

கற்றதை எல்லா இயந்திரங்களிலும் ஒரே நாளில் புகுத்தாதீர்கள். ஒரு பிரஸ், ஒரு வகை டை, ஒரு மாற்றம், நான்கு வாரம். டிராலியை மட்டும் கொண்டுவந்தால் எத்தனை நிமிடம் குறைகிறது என்று தெரிந்த பிறகே போல்ட் அளவுக்குப் போங்கள். மூன்றையும் சேர்த்துச் செய்தால், எது பயன் தந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த பிரஸ்ஸுக்கு எதில் பணம் போடுவது என்றும் தெரியாது.

நேரத்தைக் குறைக்கும் எந்த எண்ணோடும் ரிஜெக்ஷனையும் விபத்தையும் சேர்த்தே எழுதுங்கள். இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். பிரஸ் வேலையில் விரலை இழந்தவர்களை அறியாத பட்டறைக்காரர் குறைவு. இரு கைகளாலும் அழுத்தினால்தான் பிரஸ் இயங்கும்படி வைத்த இரு கைப் பொத்தானை வேகத்துக்காகக் கட்டிப்போடுவதும், பாதுகாப்புத் தடுப்பான கார்டைக் கழற்றி வைப்பதும், செட்டிங்கின்போது ராம் இறங்காமல் தாங்கும் சேஃப்டி பிளாக் வைக்காமல் விடுவதும் நடக்கிற இடத்தின் 40 நிமிடம் நமக்கு ஒப்பளவே அல்ல. இயந்திரங்களுக்குத் தடுப்பு வைப்பதைத் தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 21ஆம் பிரிவும் கட்டாயமாக்கியிருந்தது. இன்னொரு பட்டறைக்குப் பார்க்கப் போகும்போது, நேரத்தைக் கேட்கும் முன் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

குறைந்த நேரத்தின் பயனில் வேலை செய்கிறவருக்கும் பங்கு வேண்டும். ஓவர்டைம் குறைந்து சம்பளம் குறைகிறது என்றால், அடுத்த யோசனையை எந்தச் செட்டரும் சொல்ல மாட்டார். மிச்சமான மூன்று மணி நேரத்தில் எடுத்த கூடுதல் வேலையில் ஒரு பகுதியை ஊக்கத்தொகையாகக் கொடுத்துவிடுங்கள், முதல் மாதத்திலேயே.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளி எண்ணைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். நாம் நகரும்போது மற்றவர்களும் நகர்ந்திருப்பார்கள். ஓர் எண்ணில் இடைவெளி மறைந்து இரண்டு காலாண்டு நிலைத்துவிட்டால், அதை வாரக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மாதம் ஒருமுறை மட்டும் பார்க்கலாம். காலியான அந்த இடத்தில் எந்த எண்ணை எழுதத் தொடங்குவது என்பதைச் செட்டர், இன்ஸ்பெக்டர், கணக்கெழுதுகிறவர் ஆகிய மூவரையும் உட்கார வைத்துக் கேட்டு முடிவு செய்யுங்கள்.