வீட்டைக் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது?

காலி செய்யுமாறு அறிவிப்பு வந்தவுடனே சாவியை ஒப்படைத்துவிடாதீர்கள். பல நாடுகளில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உரிமையாளர் பூட்டை மாற்றுவதும், மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்துவதும் சட்டவிரோதமாகும். 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம், 25ஆவது உறுப்பில், உறைவிடத்தையும் மனித உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது; எனினும் நடைமுறையில் உங்களைக் காப்பவை உள்நாட்டுச் சட்டமும் கையிலுள்ள தாள்களுமே. ஆகவே வாடகை ஒப்பந்தம், ரசீதுகள், வந்த அறிவிப்பு ஆகியவற்றின் நகல்களுடன் இலவசச் சட்ட உதவி மையத்தை அணுகி, அறிவிப்பில் கூறப்பட்ட காரணமும் அவகாசமும் சட்டப்படி செல்லுபடியாகுமா என்று கேளுங்கள். வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றால், விசாரணை நாளில் நேரில் செல்லத் தவறாதீர்கள். நீங்கள் வராவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடக்கூடும். வாடகை பாக்கிதான் சிக்கல் என்றால், தவணையில் செலுத்தும் திட்டத்தை எழுத்து வடிவில் முன்வையுங்கள். தங்குமிட உதவிக்கு, தெருவுக்கு வரும்வரை காத்திராமல், வீட்டில் இருக்கும்போதே உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.