வேர்க்கடலை வெண்ணெய்: 1922-க்கு முந்தைய பதத்தில் வீட்டிலேயே அரைக்கும் முறை

கடையில் வாங்கும் பீனட் பட்டர் மாதக்கணக்கில் ஒரே பதத்தில் இருக்க, வீட்டில் அரைத்ததில் மட்டும் சில நாட்களிலேயே எண்ணெய் மேலே வந்து நிற்பதைக் கண்டு, செய்முறையில் பிழை நேர்ந்துவிட்டதோ எனப் புதியவர்கள் கலங்குவதுண்டு. பிழை ஏதுமில்லை, தொடக்க காலத்தில் எல்லா வேர்க்கடலை வெண்ணெயும் அப்படித்தான் இருந்தது.

படி 1: அரை கிலோ வேர்க்கடலையை எடுத்து, சுருங்கியவற்றையும் பூஞ்சை படிந்தவற்றையும் ஒன்று விடாமல் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு வறுத்தாலும் முழுமையாக நீங்காது என்பதால், இதில் சிக்கனம் கூடாது.

படி 2: அடி கனமான வாணலியில், சிறு தீயில், கைவிடாமல் கிளறி, தோல் வெடித்து மணம் வரும்வரை வறுக்கவும். அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரில் உடல்நல இல்லம் நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக், புலாலுக்கு மாற்றாகப் பரிந்துரைத்த தம் வெண்ணெய்க்கு 1895-இல் காப்புரிமை கோரியபோது, கடலையை வேகவைக்கும் முறையையே எழுதினார். வறுத்த மணம் அதில் வராது என்பதால், இந்த ஒன்றில் அவரைப் பின்பற்ற வேண்டாம்.

படி 3: கை பொறுக்கும் சூட்டில் தேய்த்து, தோலைப் புடைத்து நீக்கி, வெதுவெதுப்பு மாறுமுன் மிக்சியில் இடுங்கள். சூடு இங்கே முக்கியம்: மான்ட்ரியல் நகரின் மார்செலஸ் கில்மோர் எட்சன் 1884-இல் பெற்ற காப்புரிமையிலும், வறுத்த கடலையைச் சூடான பரப்புகளுக்கிடையே அரைத்தால் அது குழம்பாகி, ஆறியபின் வெண்ணெய் போல் இறுகும் என்றே கூறப்பட்டுள்ளது. முதலில் பொடியாகும், பிறகு உருண்டு திரளும். அந்த நிலையில் அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் கெட்டுவிடும். மிக்சியை அவ்வப்போது நிறுத்தி, ஓரங்களை வழித்துவிட்டு மீண்டும் ஓட்டினால், கடலை தன் எண்ணெயைத் தானே விட்டுக் குழைந்து வரும்.

படி 4: அரைத் தேக்கரண்டி உப்புச் சேர்த்து ஒரு சுற்று ஓட்டி, ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் நிரப்புங்கள். இனி எண்ணெய் மேலே வரும். கடைக்காரரும் ஒரு காலத்தில் பீப்பாயைக் கிளறிக் கிளறியே விற்க வேண்டியிருந்தது. 1922-இல் ஜோசஃப் ரோஸ்ஃபீல்ட், எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி அதைக் கெட்டிப்படுத்தும் முறையைப் பயன்படுத்திய பிறகே, பிரியாத, எளிதில் கெடாத வெண்ணெய் தொலைதூரக் கடைகளையும் எட்டியது. அதன் பெருவாரியான பரவலுக்கு, சத்தைவிட இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து. நமக்கு அது தேவையில்லை: குளிர்பெட்டியில் புட்டியைத் தலைகீழாக வைத்து, எடுக்கும்போது அடிவரை ஒரு முறை கலக்கினால் போதும்.