எலக்ட்ரீஷியன் ஆகவோ ஆம்புலன்ஸில் பணிபுரியவோ விரும்புவோர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொரு மே மாதமும் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இரண்டு எப்போதும் இருக்கும். எலக்ட்ரீஷியன் படித்தால் வேலை கிடைக்குமா என்பது ஒன்று. 108 ஆம்புலன்ஸில் சேர என்ன படிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே கட்டுரையில் பதில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வழிகள் வேறானாலும், இவ்விரு தொழில்களிலும் முதலில் கற்பிக்கப்படும் பாடம் ஒன்றுதான்: தொடுவதற்கு முன் தொடலாமா என்று பார்.

முதல் படி: எந்த வாசலில் நுழைவது

எலக்ட்ரீஷியன் பிரிவு, ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டாண்டுப் படிப்பாகும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் வயர்மேன் பிரிவில் சேரலாம், அதுவும் இரண்டாண்டுதான். 1950-இல் தொடங்கப்பட்ட கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இவை நடத்தப்படுவதால், கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் நாடெங்கும் செல்லும். இரண்டாண்டு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு.

அவசர மருத்துவப் பக்கம் வர விரும்புவோருக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் தேவை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை டெக்னீஷியன் என்ற ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு உள்ளது. நேரமும் வசதியும் உள்ளவர்களுக்கு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. பட்டம் இருக்கிறது, அதற்கான சேர்க்கையைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்துகிறது. நர்சிங் படித்தவர்களும் 108 சேவையில் மருத்துவ உதவியாளராகச் சேர்கிறார்கள். சேர்ந்தபின் அங்கே தனிப் பயிற்சி தரப்படும்.

இரண்டாம் படி: விண்ணப்பம்

இதில் நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஐ.டி.ஐ. விண்ணப்பம் பத்தாம் வகுப்பு முடிவுகள் வெளியாகும் காலத்தையொட்டி இணையத்தில் திறக்கப்படும். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் ஆகியவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சீருடை, பாடநூல், மிதிவண்டி, பஸ் பாஸ் ஆகியவையும் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின்கீழ் மாதம் 1,000 ரூபாய் பெறத் தகுதியுண்டா என்பதையும் சேரும்போதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தனியார் நிலையத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒர்க்ஷாப்பைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். பூட்டிய ஒர்க்ஷாப்பைக் காட்ட மறுக்கும் இடத்தில் சேர வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: கையைப் பழக்குவது

முதல் சில மாதங்களில் மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். மோட்டாரைப் பிரிக்கப் போகிறோம் என்று நினைத்து வந்தவர்களிடம் ஒரு முழம் வயரைக் கொடுத்து இன்சுலேஷனைச் சீவச் சொன்னால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அங்கேதான் தொழில் இருக்கிறது. கத்தியை வயருக்குச் செங்குத்தாக வைத்து வெட்டினால் செம்பில் கீறல் விழும். பென்சில் சீவுவதுபோலச் சாய்த்துச் சீவினால் விழாது. கீறல் விழுந்த கம்பி அந்த இடத்தில்தான் சூடேறி, ஒருநாள் முறியும். ட்விஸ்ட் ஜாயின்ட், மேரீட் ஜாயின்ட், பிரிட்டானியா ஜாயின்ட் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, இழுத்துப் பார்த்து, மறுபடி போட வேண்டும். அதன்பிறகுதான் மாடிப்படி விளக்குக்கு இரண்டு டூ-வே ஸ்விட்ச் கொடுக்கும் ஒயரிங்கும், எர்த்திங்கும், மோட்டார் ஸ்டார்ட்டரும் வரும்.

மருத்துவ உதவியாளர் பயிற்சியிலும் இதே கதைதான். மயங்கியவரின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்காதிருக்க வாய்க்குள் வைக்கும் வளைந்த பிளாஸ்டிக் குழாய் பல அளவுகளில் வரும். வாயின் ஓரத்திலிருந்து காதுமடல் வரை அளந்து பார்த்துத்தான் சரியானதை எடுக்க வேண்டும். அளக்காமல் எடுத்துப் பெரியதை வைத்தால், திறக்க வேண்டிய பாதையை அந்தக் குழாயே அடைத்துவிடும். அளப்பதற்கு ஆகும் நேரம் இரண்டு விநாடி.

கணக்கை ஒதுக்காதீர்கள். 2,000 வாட் கீசரை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் வரும். ஆகவே அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகக்கூடாது, 16 ஆம்பியர் பாயின்ட்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் வேண்டும். ஆம்புலன்ஸில் 1,500 லிட்டர் கொள்ளும் பி-டைப் ஆக்ஸிஜன் சிலிண்டர் நிரம்பியிருந்தால், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 150 நிமிடம் வரும். பாதி இருக்கும்போது மலைக் கிராமத்திலிருந்து புறப்பட்டால் போதுமா என்பதை வண்டி கிளம்புமுன் மனக்கணக்காகப் போடத் தெரிய வேண்டும்.

நான்காம் படி: இரு தொழிலும் சந்திக்கும் பாடம்

மின்சாரம் தாக்கியவரை மீட்பது எலக்ட்ரீஷியன் பிரிவின் தொடக்கப் பயிற்சிகளிலேயே வந்துவிடும். அவசர மருத்துவம் படிப்பவர்களும் இதைப் படிக்கிறார்கள். இருவரும் செய்ய வேண்டிய வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் மெயினை நிறுத்த வேண்டும். மெயின் எங்கே என்று தெரியாதபோது, உலர்ந்த மரக்கட்டையையோ பிளாஸ்டிக் நாற்காலியையோ கொண்டு, உலர்ந்த இடத்தில் நின்று, அவரை வயரிலிருந்து விலக்க வேண்டும். வீட்டு மின்னழுத்தத்துக்கு மட்டுமே இது பொருந்தும். அறுந்து விழுந்த உயரழுத்தக் கம்பியாக இருந்தால் மின்வாரியம் லைனை நிறுத்தும்வரை அருகில் போகவே கூடாது. பிறகு தோளைத் தட்டி அழைத்துப் பார்க்க வேண்டும். பதிலும் இயல்பான மூச்சும் இல்லையென்றால், ஒருவரை 108-க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். விட்டுவிட்டு வரும் கேவல் போன்ற மூச்சை மூச்சாகக் கணக்கிடக் கூடாது. பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு கொடுக்கலாம். பொம்மையில் பழகும்போது இரண்டு நிமிடத்திலேயே கை தளர்ந்து ஆழம் குறைவதை ஒவ்வொருவரும் உணர்வார்கள். ஆள் மாறி மாறிச் செய்வது அதனால்தான்.

பழைய மின் அறைகளில் ஆளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தும் படம் போட்ட அட்டை இன்னும் தொங்குவதுண்டு. அது மார்பு அழுத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய முறை. அதைப் பின்பற்ற வேண்டாம். அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாலும் மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். தோலில் மிளகளவு தழும்புதான் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும். இதயத்துடிப்பில் கோளாறும் இருக்கக்கூடும்.

அப்ரண்டிஸாக இருந்தபோது ஓர் ஆலையில் ஃபியூஸ் கட்டையைக் கழற்றி போர்டின் மேலேயே வைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். விளக்கு எரியவில்லையே என்று எவரோ அதை எடுத்து மாட்டிவிட்டார். கை உதறி விடுபட்டதால் பிழைத்தேன். அன்றிலிருந்து கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமல் ஏணியில் ஏறியதில்லை; ஏறியபின்னும் டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் தொட்டதில்லை. என் மாணவர்களின் சட்டைப்பை கனக்கிறதா என்று கீழே நின்று பார்ப்பது என் வழக்கம்.

ஐந்தாம் படி: தேர்வும் அதன் பிறகும்

ஐ.டி.ஐ. தேர்வு எழுத 80 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். கிண்டியில் உள்ள நிமி நிறுவனம் வெளியிடும் எலக்ட்ரீஷியன் பாடநூல்கள் தமிழிலும் கிடைக்கின்றன. கைடு வாங்கும் பணத்தில் அவற்றை வாங்குங்கள். தேர்ச்சிக்குப் பிறகு, 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி பெறுவது நல்லது. ரயில்வேயும் பெரிய ஆலைகளும் ஆண்டுதோறும் ஆளெடுக்கின்றன. ஊரில் தனியாக ஒயரிங் வேலை எடுக்க நினைப்பவர்கள் மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் கம்பியாளர் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஐ.டி.ஐ. படிக்காமல் அனுபவத்தால் தொழில் கற்றவர்களுக்கு மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு தனியாக நடத்தப்படுகிறது.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 சேவைக்கு மாவட்டங்களில் ஆள்சேர்ப்பு முகாம்கள் நடக்கும். அசல் சான்றிதழ்களோடு போக வேண்டும். இரவுப் பணி கட்டாயம் உண்டு என்பதையும், வண்டி ஓட்டும் பைலட்டும் நீங்களும் மட்டுமே சம்பவ இடத்தில் இருப்பீர்கள் என்பதையும் வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.