ப்ருஸ்கெத்தா: சொல்வதிலும் செய்வதிலும் நேரும் தவறுகள்

ப்ருஸ்கெத்தா ஓர் இத்தாலியச் சிற்றுண்டி. நறுக்கிய தக்காளிக் கலவைதான் அது என்று நினைப்பது முதல் தவறு. அமெரிக்காவில் அந்தக் கலவையை மட்டும் பாட்டிலில் அடைத்து இதே பெயரில் விற்கிறார்கள். பெயர் ரொட்டிக்கு உரியது. ரோம் வட்டாரப் பேச்சில் ‘ப்ருஸ்காரே’ என்றால் தணலில் வாட்டுவது. சொல் பிறந்தது அதிலிருந்து. வாட்டிய ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்பு இருந்தால் போதும். தக்காளி ஐரோப்பாவுக்கு வந்ததே 16ஆம் நூற்றாண்டில்தான். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் இந்த ரொட்டிக்கு ‘ஃபெத்தூந்தா’ என்று பெயர், அதாவது எண்ணெய் தோய்ந்த துண்டு. நவம்பர் வாக்கில் ஆலிவ் ஆட்டியதும் புது எண்ணெயை இதில் ஊற்றித்தான் ருசி பார்ப்பார்கள்.

அடுத்தது உச்சரிப்பு. ‘ப்ருஷெட்டா’ தவறு. இத்தாலியில் எஸ், சி, எச் சேர்ந்து வந்தால் ‘ஸ்க்’. எச் இல்லாமல் சி-யை ஒட்டி இ அல்லது ஐ வந்தால்தான் ‘ஷ்’, ப்ரோஷூத்தோ (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை இறைச்சி) அப்படி. இரட்டை டி-யை ஆங்கிலம் பேசுபவர்கள் பாதியாக்கி விழுங்குவார்கள். நமக்கு அந்தச் சிரமமே இல்லை, ‘முத்து’வில் வரும் அதே த்த. மெனு கார்டைப் பார்த்து ‘ட்டா’ என்று கெடுத்துக்கொள்வானேன்? ஒன்றுக்கு மேல் கேட்டால் கடைசி ஒலி மாறும்: ‘துவே ப்ருஸ்கெத்தே’, அதாவது இரண்டு ப்ருஸ்கெத்தா.

சிறிய, மெல்லிய துண்டாக இருந்தால் அது க்ரொஸ்தீனி. கோழி ஈரல் மசியல் தடவித் தருவது அதில்தான்.

சமையலில் எல்லாம் கெடுவது ரொட்டியில். சாண்ட்விச் ரொட்டி எண்ணெய் பட்டதும் தொய்ந்துவிடும். மொறுமொறுத் தோலுள்ள நாட்டு ரொட்டியை 1.5 முதல் 2 செ.மீ. தடிமனில் வெட்டி, தணலிலோ இரும்புக் கல்லிலோ இருபுறமும் வாட்டுங்கள். வெளியே சொரசொரப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்க வேண்டும். பூண்டை நறுக்கித் தூவாதீர்கள், பச்சைக் காரம் நாக்கைப் பிடிக்கும். ஒரு பல்லைக் குறுக்கே வெட்டி, சூடு ஆறுமுன் ஓரிரு முறை தேய்த்தால் போதும். சொரசொரப்பே பூண்டைத் துருவிக்கொள்ளும். ஆறிய ரொட்டியில் மணம் ஏறாது. எண்ணெய் அதன் பிறகு.

தக்காளி வைப்பதானால் விதையை நீக்கி, உப்புப் போட்டு 10 நிமிடம் வடிகட்டியில் வையுங்கள். பரிமாறும் நேரத்தில்தான் ரொட்டி மேல் வைக்க வேண்டும். முன்கூட்டியே அடுக்கினால் கையில் எடுக்கும்போதே நடுவில் பிய்ந்துவிடும்.