நினைவக முகவரி: கணக்கு பிசகும் இடங்கள்

ஒரு கணினியில் முகவரிக்கு, அதாவது நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் எண்ணுக்கு, 16 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் எவ்வளவு நினைவகத்தை எட்ட முடியும்? இந்தக் கேள்விக்கு 65,536 பிட் என்று பலர் சொல்கிறார்கள். எண் சரி, அலகு தவறு. இன்றைய கணினிகளில் ஒரு முகவரி குறிப்பது ஒரு பைட்டை, அதாவது 8 பிட்டை. 16 பிட்டால் 65,536 வெவ்வேறு எண்களை எழுதலாம், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பைட். ஆக மொத்தம் 65,536 பைட், அதாவது 64 கிலோபைட் (இங்கே ஒரு கிலோபைட் என்பது 1,024 பைட்). பிட்டாகவே சொல்ல வேண்டுமென்றால் 5,24,288.

இதில் இரண்டு அளவுகள் கலந்துவிடுகின்றன. முகவரியை எழுதத் தேவைப்படும் பிட் வேறு, அந்த முகவரியில் கிடக்கும் தரவின் பிட் வேறு. முதலில் இதைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். மற்ற குழப்பங்களில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

'8 பிட் பிராசஸர் என்றால் 256 பைட்டைத்தான் பார்க்க முடியும்' என்பது அப்படிப்பட்ட ஒன்று. இசட்80 என்ற பிராசஸர் தரவை 8 பிட்டாகக் கையாளும் ஓர் 8 பிட் சிப்தான், ஆனால் அதற்கு 16 முகவரிக் கம்பிகள் உண்டு, முகவரியின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒன்று. 1978-இல் வந்த இன்டெல் 8086 பிராசஸரின் ரெஜிஸ்டர்கள் (சிப்புக்குள்ளேயே எண்களை வைத்துக்கொள்ளும் இடங்கள்) 16 பிட், முகவரிக் கம்பிகளோ 20. அதனால் 1 மெகாபைட் வரை எட்டியது. 16 பிட் ரெஜிஸ்டரை வைத்துக்கொண்டு 20 பிட் முகவரியை எப்படி உண்டாக்கினார்கள்? முகவரியை இரண்டு எண்களாக எழுதினார்கள்: நினைவகத்தின் ஒரு பகுதி தொடங்கும் இடத்தைச் சொல்லும் செக்மெண்ட், அங்கிருந்து எவ்வளவு தள்ளி என்று சொல்லும் ஆஃப்செட். செக்மெண்ட் எண்ணை 16-ஆல் பெருக்கி, அதோடு ஆஃப்செட்டைக் கூட்டினார்கள். செக்மெண்ட் 1000, ஆஃப்செட் 50 என்றால் 16,050. செக்மெண்ட் 1001, ஆஃப்செட் 34 என்றாலும் அதே 16,050. எழுத்தில் வேறாகத் தெரியும் இரண்டு முகவரிகள் ஒரே பைட்டைச் சுட்டலாம் என்பது அந்தக் காலத்து நிரலர்களை நிறையவே அலைக்கழித்தது.

முகவரியில் ஒரு பிட் கூடினால் எட்டும் பரப்பு இரட்டிப்பாகும். 64 கிலோபைட்டை 128 ஆக்க 17-ஆவது பிட் ஒன்று போதும். அதனால்தான் 32 பிட் என்பது 16 பிட்டைப்போல் இரண்டு மடங்கு இல்லை, 65,536 மடங்கு: 4 ஜிகாபைட்.

முகவரி 0-இல் தொடங்குகிறது. 65,536 பைட் இருந்தால் கடைசி முகவரி 65,535. அதேபோல 1000 முதல் 1999 வரை எத்தனை பைட் என்றால் கழித்தால் வரும் 999 இல்லை, ஆயிரம்.

இனி பிட்டுக்கு வருவோம். பொதுவாகத் தனி பிட்டுக்கு முகவரி கிடையாது. 100-ஆம் எண் பிட் வேண்டுமென்றால் 8-ஆல் வகுங்கள்: ஈவு 12, மீதி 4. 12-ஆம் எண் பைட்டில் 4-ஆம் எண் பிட், எல்லாம் பூச்சியத்திலிருந்து எண்ணியது. அதை மாற்ற அந்த முழு பைட்டையும் படித்து, அந்தப் பிட்டை மட்டும் திருத்தி, முழு பைட்டையும் திரும்ப எழுத வேண்டும். இங்கேதான் உண்மையான ஆபத்து. இரண்டு திரெட்கள் (ஒரு நிரலுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள்) ஒரே பைட்டில் உள்ள வெவ்வேறு பிட்டுகளை ஒரே நேரத்தில் மாற்றினால், ஒன்று எழுதியதை மற்றது அழித்துவிடலாம். 'நான் தொட்டது வேறு பிட்டாச்சே' என்று தேடினால் பிழை அகப்படவே அகப்படாது. பொதுவான ஒரு பைட்டைத் திருத்தும்போது லாக் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) அல்லது அணுநிலைச் செயல்பாடு (நடுவில் வேறொன்று குறுக்கிட முடியாத செயல்) கட்டாயம் வேண்டும்.

ஒரு 4 பைட் முழு எண் 1000-இல் தொடங்கினால் 1003 வரை பிடித்துக்கொள்ளும். அடுத்த எண்ணின் இடம் 1004. சி மொழியில் அங்கே போக, முகவரியை வைத்திருக்கும் மாறியான பாயிண்டரோடு 1 கூட்டினால் போதும், தரவு வகையின் அளவான 4-ஆல் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே பெருக்கிக்கொள்ளும். பைட் கணக்குப் பார்த்து நீங்களே 4 கூட்டினால் 1016-க்குப் போய்விடுவீர்கள்.

அந்த 4 பைட்டுக்குள் இருக்கும் வரிசையும் பலரைத் தடுமாற வைக்கிறது. பதினறும எண் (16-ஐ அடியாகக் கொண்டது, இரண்டு இலக்கம் ஒரு பைட்) 12345678-ஐ, கடைசி பைட்டை முதலில் வைக்கும் லிட்டில் எண்டியன் முறையில் சேமித்தால், 1000-லிருந்து 78, 56, 34, 12 என்று கிடக்கும். புரள்வது பைட்டுகளின் வரிசை மட்டுமே. 78 ஒருபோதும் 87 ஆகாது.

அப்புறம் ஒன்று. முகவரிப் பரப்பு வேறு, பொருத்தியிருக்கும் ராம் வேறு. 32 பிட் இயங்குதளத்தில் 4 ஜிகாபைட் ராம் போட்டும் மூன்று சொச்சம்தான் தெரிகிறது என்றால், ராம் பழுது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கிராபிக்ஸ் அட்டை போன்ற சாதனங்களும் அதே 4 ஜிகாபைட் முகவரிப் பரப்பில்தான் இடம் பிடிக்கின்றன. அவை எடுத்துக்கொண்ட முகவரிகள் ராமுக்குக் கிடைப்பதில்லை. சிப்செட்டும் (பிராசஸரையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் சிப்) இயங்குதளமும் இடம் கொடுத்தால் 64 பிட் இயங்குதளத்துக்கு மாறியதும் அந்த மீதியும் தெரியும்.